குப்பைத் தொட்டிக்குப் போகாத பொருள்கள்: தோட்டப்புற நகர வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பஹாவ் நகரைச் சுற்றி முன்பு பால்மரம் எனும் ரப்பரும் இப்போது பெரும்பாலும் செம்பனையும் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை விட்டு, தாமான் எனப்படும் நகரத்துக் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. லயத்தில் இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. காய்கறித் தோலும் சாம்பலும் அதற்குள் போய் மக்கின. நெகிழிப் பை வந்த பிறகும் அதே குழியில்தான் போட்டோம், மாலையில் நெருப்பும் வைத்தோம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் திறந்தவெளி எரிப்பு குற்றம் என்பதோ, அந்தப் புகை யார் நெஞ்சுக்குள் போனது என்பதோ அன்று எங்களுக்குத் தெரியாது. தாமானுக்கு வந்ததும் குப்பை லாரி வந்தது. கட்டி வெளியே வைத்தால் காணாமல் போய்விடுகிறது என்ற நிம்மதியும் கூடவே வந்தது.

நெகிரி செம்பிலானில் 672 எனப்படும் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன்படி வாரத்தில் இரண்டு நாள் பொதுக் குப்பையும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் எடுக்கப்படுகின்றன. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைத் தரம்பிரிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆயினும் பிரித்து வைப்பது ஒன்று, குப்பையே உண்டாகாமல் பார்ப்பது வேறொன்று. சீனா 2018இல் வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளுக்குக் கதவை மூடியபோது அவற்றில் கணிசமான பகுதி நம் நாட்டுக்குத் திரும்பியது. சிலாங்கூரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஜெஞ்சாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் அவற்றை எரித்த செய்தி உலகம் முழுவதும் பரவியது. மறுசுழற்சி என்று எழுதிய பையில் போட்ட பொருள் எல்லாம் மறுபிறவி எடுத்துவிடுவதில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

இந்த வழிகாட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய அன்றாடப் பொருள்களைப் பற்றியது. என் அனுபவத்தில் இம்முயற்சி தோற்கும் இடம் கடை அல்ல, கழுவுதொட்டி. அழகான பை, மூங்கில் கரண்டி, சிலிக்கோன் மூடி எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். அவற்றை யார் கழுவுவது, எங்கே காயவைப்பது, மறுநாள் காலையில் வாசலில் எடுத்து வைப்பது யார் என்று தீர்மானிக்காவிட்டால் மூன்றாவது வாரத்தில் அவை அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் வாங்கும் வேலையைக் குறைத்து, கழுவும் வேலையை விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஏழு நாளும் தொட்டிக்குள் போகும் பொருள்களைக் கோடு போட்டு எண்ணுங்கள். நெகிழிப் பை, கடையில் உணவு கட்டி வாங்கும் தாப்பாவ் பெட்டி, தே தாரிக் எனும் ஆற்றிய பால்தேநீர் கட்டி வந்த பை, குடிநீர்ப் புட்டி, டிஷ்யூ, குழந்தையின் அணையாடை, மாதவிடாய்ப் பேட் என்று ஏழெட்டு வரிகள் போதும். 2012ஆம் ஆண்டு தேசியத் திடக்கழிவு மேலாண்மைத் துறை நடத்திய ஆய்வில் மலேசிய வீட்டுக் குப்பையில் உணவுக் கழிவு 44.5 விழுக்காடு, நெகிழி 13.2 விழுக்காடு, அணையாடை 12.1 விழுக்காடு, காகிதம் 8.5 விழுக்காடு என்று கண்டார்கள். அணையாடை காகிதத்தைக் காட்டிலும் அதிக எடை பிடிக்கிறது என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுத் தொட்டியைத் தூக்கிப் பார்த்த பிறகு நம்பினேன்.

இந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்கு உரிய வரிசையைத் தரும். முதியவர் இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு அணையாடைப் பகுதி தேவைப்படாமல் போகலாம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் தாப்பாவ் பெட்டியே முதல் எதிரியாக இருக்கும். அதிகக் கோடு விழுந்த ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அந்த மாதம் முழுவதும் அதை மட்டும் மாற்றுங்கள். உணவுக் கழிவுதான் பெரும்பங்கு என்றாலும் அதற்கு மக்குக்குழியும் அளவான சமையலும்தான் வழி. அது வேறு பாடம், இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் படி: வீட்டில் இருப்பதை வெளியே எடுங்கள்

கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தூக்கு, அடுக்குப் பாத்திரம், பாட்டி வைத்திருந்த மங்குக் கோப்பை, மைலோ டின், பிஸ்கட் டின், மூடியுள்ள ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டி, கிழிந்த கைலி, நைந்த துவாலை, தேர்தல் காலத்திலும் விழாக்களிலும் இலவசமாகக் கிடைத்த துணிப்பைகள் என்று ஒரு மேசை நிறையக் கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்படி எடுத்தபோது பதினேழு பைகள் கிடைத்தன. அதற்கு முந்திய மாதம்தான் நான் புதிதாக இரண்டு வாங்கியிருந்தேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய கலை அல்ல. பால் வெட்டப் போனவர்கள் விடியலுக்கு முன் தூக்குச் சட்டியில் சோற்றையும் புட்டியில் தேநீரையும் எடுத்துப் போனார்கள். காப்பிக்கடையில் கெட்டிப்பால் டின்னின் மூடியில் துளையிட்டு, கயிறு கோத்து, அதில்தான் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். மாவு வந்த பருத்திச் சாக்கு, வீட்டில் துவாலையாகவும் உள்ளாடையாகவும் மாறியது. இவையெல்லாம் சுற்றுச்சூழல் அக்கறையால் நடந்தவை அல்ல, கையில் காசு இல்லாததால் நடந்தவை. அந்த வறுமையைப் பொற்காலமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கைப்பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்து வைத்தவற்றில் சிலவற்றை விலக்க வேண்டும். பூச்சு உடைந்த மங்குப் பாத்திரம் உணவுக்கு ஆகாது. அலுமினியத் தூக்கில் புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் ஆகியவற்றை வைக்கக்கூடாது. புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரித்து உணவில் கலக்கும். நெகிழிப் பெட்டிகளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றிருந்தால் அது போலிபுரொப்பிலின், சூட்டை ஓரளவு தாங்கும். 1 என்றிருப்பது மெல்லிய குடிநீர்ப் புட்டி வகை. அதில் கொதிநீர் ஊற்றக்கூடாது, நெடுங்காலம் திரும்பத் திரும்ப நிரப்பவும் கூடாது. 6 என்றிருப்பது போலிஸ்திரின், அதாவது நமக்குப் பழகிய வெள்ளைப் பெட்டி. அதைக் கழுவி மறுபடி உணவு போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்தச் சிக்கனம் வேண்டாம்.

மூன்றாம் படி: பை

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, ஒருமுறை பயன்படும் நெகிழிப் பை ஒன்றைவிடப் பருவநிலைக்குக் குறைந்த கேடு செய்வதற்குப் பருத்திப் பையை 50 முதல் 150 முறை பயன்படுத்த வேண்டும். தடித்த போலிபுரொப்பிலின் பைக்கு 10 முதல் 20 முறை போதும். பருத்தி விளைவிக்கும்போது பருவநிலைக்கு உண்டாகும் கேடும் இந்தக் கணக்கில் வந்து விடுகிறது. புதிய பருத்திப் பை வாங்கி வீட்டில் மாட்டி வைப்பவர் குப்பையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறார் என்பதே இதற்குப் பொருள்.

ஆகவே கையில் இருக்கும் இலவசப் பைகளில் உறுதியான நான்கைத் தேர்ந்தெடுங்கள். கப்சாய் எனும் சிறு மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர் இரண்டை மடித்து இருக்கைக்கு அடியில் நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். கார் வைத்திருப்பவர் பின்பெட்டியில் வைக்காமல் ஓட்டுநர் கதவுப் பையில் வைக்க வேண்டும், ஏனென்றால் பின்பெட்டியில் இருக்கும் பை கடைக்குள் நுழைந்த பிறகுதான் நினைவுக்கு வரும். பொருளை இறக்கிய கையோடு காலிப் பையை வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டுங்கள். மறுமுறை வெளியே போகிறவர் அதை எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது. நெசவு இல்லாத துணியில் செய்த அந்த மெல்லிய இலவசப் பைகள் வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும், ஆகையால் கொடியில் நாள்கணக்கில் தொங்கவிடாதீர்கள்.

பசார் எனும் சந்தைக்கு என் தேர்வு பை அல்ல, கூடை. நெகிழி வாரில் பின்னிய பசார் கூடையில் ஈரம் தங்காது, குழாயடியில் வைத்துத் தண்ணீர் விட்டால் சுத்தமாகிவிடும், பல ஆண்டுகள் உழைக்கும். மீனுக்கும் கோழிக்கும் மூடியுள்ள இரண்டு பெட்டிகளைத் தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வைத்திருங்கள். கடைக்காரர் எடை போடும் முன் காலிப் பெட்டியைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழிக்கச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் அவர் முணுமுணுப்பார், பிறகு உங்களைக் கண்டதும் அவரே கையை நீட்டுவார். காய்கறிக்குப் பழைய கொசுவலைத் துணியிலோ மெல்லிய சேலைத் துணியிலோ சிறு சுருக்குப் பைகள் தைத்துக்கொள்ளலாம்.

ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. நெகிழிப் பை வருவது நின்றால் குப்பைத் தொட்டிக்குள் விரிக்கப் பையில்லை என்ற புதிய சிக்கல் தோன்றும், பலரும் கறுப்புப் பைகளைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்குவார்கள். 5 கிலோ, 10 கிலோ அரிசி வந்த பைகளைச் சேர்த்து வைத்தால் அதற்குப் போதும். காய்ந்த குப்பைக்குத் தொட்டியில் பையே தேவையில்லை.

நான்காம் படி: தாப்பாவ்

இதுதான் நம் ஊரில் மிகப் பெரிய பகுதி. காலையில் நாசி லெமாக், பகலில் கலப்புச் சோறு, மாலையில் ஒட்டுக்கடை வடையும் தே தாரிக்கும், வாரத்தில் ஒரு நாள் இரவுச் சந்தை. ஒவ்வொன்றும் பை, பெட்டி, உறிஞ்சுகுழல், ரப்பர் வளையம் என்று நான்கு பொருளோடு வருகிறது. சோறு கட்டித் தரும் பழுப்புத் தாளைக் காகிதம் என்று நினைத்து, மறுசுழற்சிக் காகிதத்துக்கான நீலப் பையில் போடுவோர் உண்டு; அதன் உட்புறத்தில் நெகிழிப் பூச்சு இருக்கிறது, எண்ணெயும் படிந்திருக்கிறது, அது எந்தப் பையிலும் சேராது.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்றடுக்குத் தூக்கு ஒன்று, இறுக்கமாக மூடும் எவர்சில்வர் பெட்டி இரண்டு, வாயகன்ற மூடிப் புட்டி இரண்டு போதும். மங்குக் திங்காட் என்று மலாய்க்காரர் சொல்லும் அதே அடுக்குத் தூக்குதான். நகரத்துப் பாத்திரக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. வாங்கும்போது பக்கக் கொக்கி இறுகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே தண்ணீர் ஊற்றி, சாய்த்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்க்காமல் வாங்கி, மோட்டார் கூடையில் வைத்து வரும் வழியில் சாம்பார் முழுவதும் என் கால்சட்டையில் இறங்கியது. குழம்பு அடித்தட்டில், சோறு நடுவில், பொரியல் மேலே என்பது தூக்கின் பழைய ஒழுங்கு. கனமானது கீழே இருந்தால் ஆடாது. வடை, பஜ்ஜி ஆகியவற்றை வாங்கும் பெட்டியின் அடியில் வாழையிலைத் துண்டு போட்டு, வீட்டுக்கு வரும்வரை மூடியைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஆவியில் நமர்த்துப் போகும்.

கடையில் கேட்கும் முறைக்கும் ஒரு பக்குவம் வேண்டும். கூட்டம் நிறைந்த நேரத்தில் பாத்திரத்தை நீட்டினால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பார். மூடியைத் திறந்து, பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்: “அக்கா, மூணு ரிங்கிட் மீ கோரெங், இந்தப் பெட்டியிலேயே போட்டுருங்க.” அளவு தெரியாமல் அவர் தவிப்பதுதான் மறுப்புக்குப் பாதிக் காரணம். பாத்திரம் காய்ந்து பளிச்சென்று இருக்க வேண்டும். முந்திய நாள் மீன் வாசம் அடிக்கும் பெட்டியை எந்தக் கடையிலும் நீட்டாதீர்கள்.

மலாய்க்காரர் கடைக்குப் போகும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருடைய கரண்டி அதில் பட்டால் ஹலால் ஒழுங்கு என்ன ஆகும் என்ற தயக்கம் நியாயமானது. புரட்டாசி மாதத்தில் சைவப் பாத்திரத்தைத் தனியே வைக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அதற்கென ஒரு பெட்டியை ஒதுக்கி, அதில் பன்றி இறைச்சியோ மதுவோ சேர்ந்த எதையும் வைக்காமல், அதைச் சொல்லியும் கொடுங்கள். அப்படியும் அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் அவர் தரும் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அங்கேயே உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கேயே சாப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் குறைந்த குப்பை; இதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

தே தாரிக்குக்கு இரட்டைச் சுவர் எவர்சில்வர் குடுவை ஏற்றது. பால் சேர்ந்த பானத்தை அதில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் மூடியின் ரப்பர் வளையத்தில் வாடை ஏறும். வாரம் ஒருமுறை அந்த வளையத்தைக் கழற்றி, சோடா உப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். உதவித்தொகை பெற்ற 1 கிலோ சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு நெகிழிப் பொட்டலத்தில்தான் வருகிறது. வருமானம் குறைந்த வீட்டாரிடம் போய் அதை விட்டுப் புட்டி எண்ணெய் வாங்குங்கள் என்று சொல்வது அறியாமை. பொட்டலத்தை மூலையில் சிறிதாக வெட்டி எவர்சில்வர் எண்ணெய்த் தூக்கில் முழுதாகக் கவிழ்த்துவிடுங்கள்; அந்தப் பை குப்பைக்குப் போகட்டும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: துடைப்பதும் தேய்ப்பதும்

டிஷ்யூவுக்கும் சமையலறைக் காகிதச் சுருளுக்கும் மாற்று, நைந்த துணி. சிவப்பெழுத்தில் ஆங்கிலத்தில் ‘குட் மார்னிங்’ என்று அச்சிட்ட, காப்பிக்கடைகளில் தோளில் கிடக்கும் அந்த மெல்லிய குட் மார்னிங் துண்டைப் போல நீரை உறிஞ்சி விரைவில் காயும் துணி வேறில்லை. அதில் ஒரு கட்டு வாங்கலாம், அல்லது பழைய பருத்திக் கைலியை ஒரு முழச் சதுரங்களாக வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு துண்டுகள் வேண்டும். பாத்திரம் துடைக்க, மேசை துடைக்க, தரை துடைக்க என்று மூன்றாகப் பிரித்து, ஓரத்தில் வெவ்வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வையுங்கள். ஈரத் துணியைக் கசக்கிக் குவித்து வைப்பதுதான் வாடைக்குக் காரணம். விரித்துக் கொடியில் போட்டால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும். கோழி இறைச்சி நீர் பட்ட துணியை மட்டும் உடனே தனியாக வெந்நீரில் போட வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சுக்குப் பீர்க்க நார். வேலியோரத்தில் ஒரு கொடி இருந்தால் ஆண்டு முழுவதற்கும் நார் கிடைக்கும். வரிப் பீர்க்கைவிட, வரியில்லாத நுரைப்பீர்க்கின் நார் மென்மையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். பிஞ்சுகளைச் சமையலுக்குப் பறித்துக்கொண்டு, நல்ல வளர்ச்சியுள்ள நான்கைந்து காய்களை மட்டும் கொடியிலேயே விட்டுவிடுங்கள். தோல் பழுப்பாகி, காய் எடை இழந்து, ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும்போது பறிக்க வேண்டும். மழைக்காலம் நெருங்கினால் சற்று முன்பே பறித்துத் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள், இல்லையேல் கொடியிலேயே பூசணம் பிடிக்கும். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, விதைகளை உதறி அடுத்த நடவுக்கு எடுத்து வைத்து, நாரை அலசி வெயிலில் காயவைத்து, மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். காய்ந்த நார் அட்டையாகச் சுருங்கி இருக்கும், தண்ணீர் பட்டதும் உப்பும். ஒரு துண்டு எங்கள் வீட்டில் மூன்று நான்கு வாரம் வருகிறது. பிசுபிசுப்பு ஏறியதும் அது செடியடிக்குப் போகும்.

மீதச் சோற்றையும் குழம்பையும் மூட நெகிழித் தாள் தேவையில்லை. கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் குளிர்பெட்டியில் அதன்மேல் இன்னொரு கிண்ணமும் வைக்கலாம்.

ஆறாம் படி: குழந்தையின் அணையாடை

வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஒரு காலத்தில் கொடி நிறைய வெள்ளைத் துணிகள் ஆடிக்கொண்டிருக்கும். அதே சதுரத் துணியும் முக்கோண மடிப்பும் இன்றும் போதும். மேலே நீர் புகாத ஓர் உறை மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பித்தான் வைத்த, பை போல உட்துணி செருகும் வகைகளும் இருக்கின்றன, வேலைக்குப் போகும் தாய்க்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் அவை எளிது. ஆனால் தடித்த உட்துணி காய நேரமாகும். மழைக்காலத்தில் சதுரத் துணியே வெல்கிறது.

முதலில் செலவைப் பாருங்கள். நாளுக்கு ஐந்து அணையாடை, ஒன்று 70 சென் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 3 ரிங்கிட் 50 சென், மாதத்துக்கு 105 ரிங்கிட், இரண்டு ஆண்டில் 2,520 ரிங்கிட். உங்கள் கடை ரசீதில் உள்ள விலையைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். துணிக்கு ஆகும் செலவு ஒருமுறைதான், அடுத்த குழந்தைக்கும் அது உதவும்.

இருபது முதல் இருபத்து நான்கு துணியும் ஐந்தாறு மேலுறையும் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கலாம். புதிய பருத்தித் துணி நான்கைந்து முறை துவைத்த பிறகுதான் முழுமையாக உறிஞ்சும்; முதல் நாளே ஒழுகுகிறது என்று கைவிட்டுவிடாதீர்கள்.

துவைக்கும் ஒழுங்கு இது. மலத்தைக் கழிவறைத் தொட்டியில் தட்டிவிட்டு, துணியைக் குளிர்ந்த நீரில் உடனே அலசுங்கள். அலசியதை மூடியுள்ள வாளியில் தண்ணீர் ஊற்றாமல் போட்டு வையுங்கள். நீரில் ஊறப்போட்டால் துர்நாற்றம் கூடும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் நீர் நிறைந்த வாளி ஆபத்தும்கூட. இரண்டு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். முதலில் சவர்க்காரம் இல்லாமல் ஒரு சுற்று, பிறகு முழு அளவு சவர்க்காரத்தோடு ஒரு சுற்று, இறுதியில் நுரை போகும்வரை அலசல். துணிக்கு மணமூட்டும் மென்மையாக்கியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அது நூலின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். வெயிலில் விரித்துக் காயவைத்தால் மஞ்சள் கறை தானே வெளுக்கும். மேலுறையை மட்டும் நிழலில் போடுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ தோலில் சிவந்த தடிப்போ வந்தால் துணியைக் கொதிநீரில் போட்டெடுத்து, தடிப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதில் யாருடைய முதுகு வலிக்கப் போகிறது என்பதையும் பேசிவிட வேண்டும். பகலில் துணி, இரவிலும் வெளியூர்ப் பயணத்திலும் கடை அணையாடை என்று பாதிக்குப் பாதி வைத்துக்கொண்டாலே தொட்டியின் எடை கண்ணுக்குத் தெரியக் குறையும். தண்ணீர் வெட்டு அறிவித்த நாளில் கடை அணையாடையைக் கட்டுங்கள். அதில் எந்தக் குற்றமும் இல்லை. துவைப்பது தாய், உலர்த்தி மடிப்பது தகப்பன் என்ற பங்கீட்டை முதல் வாரத்திலேயே முடிவு செய்யாத வீட்டில் இந்த முயற்சி நிலைத்ததை நான் பார்த்ததில்லை.

ஏழாம் படி: மாதவிடாய்ப் பொருள்கள்

துணிப் பேட்டுக்கு மேற்கண்ட ஒழுங்கே பொருந்தும். முதலில் குளிர்ந்த நீரில் மட்டும் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் குருதிக் கறை துணியில் உறைந்துவிடும். வெளியே உலர்த்தக் கூச்சப்பட்டு, குளியலறைக்குள் ஈரமாகத் தொங்கவிடுவதே நோய்த்தொற்றுக்கு வழி. மெல்லிய துணியை மேலே போர்த்தியாவது வெயில் காட்டுங்கள். மருத்துவத் தரச் சிலிக்கோனில் செய்த மாதவிடாய்க் கோப்பை பல ஆண்டுகள் உழைக்கும். ஒவ்வொரு மாதமும் தனிப் பாத்திரத்தில் சில நிமிடம் கொதிக்கவைத்து, கையைக் கழுவிய பின் அணிந்து, 12 மணி நேரத்துக்குள் கட்டாயம் எடுத்துக் கழுவ வேண்டும். திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோலில் தடிப்பு தோன்றினால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருத்தடைச் சாதனம் கருப்பையில் பொருத்தியிருப்பவர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: விருந்தும் கோயிலும்

பெயர் சூட்டு, நிச்சயதார்த்தம், திதி என்று ஐம்பது பேர் வரும் நாளில் போலிஸ்திரின் தட்டும் நெகிழிக் கோப்பையும்தான் கைக்கு முதலில் வரும். வாழையிலை கிடைக்கும் ஊரில் இது தேவையற்றது. தண்ணீருக்கு எவர்சில்வர் குவளைகளைக் கோயிலிலோ உறவினரிடமோ கேட்டு வாங்கலாம். எங்கள் வரிசையில் நான்கு வீடுகள் சேர்ந்து அறுபது தட்டும் அறுபது குவளையும் வாங்கி, இரண்டு பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கி, விசேஷம் நடக்கும் வீட்டுக்கு மாறி மாறிக் கொடுக்கிறோம். எடுத்துச் செல்கிறவர் எண்ணி வாங்கி, எண்ணித் திருப்ப வேண்டும் என்பது மட்டுமே விதி. இதுவரை ஐந்து குவளைகள் காணவில்லை.

ஒன்பதாம் படி: இரவில் பத்து நிமிடம்

எல்லாப் பொருளும் இரவு படுக்கும் முன் காய்ந்து தன் இடத்தில் இருக்க வேண்டும். பாத்திரங்களைக் கவிழ்த்து, மூடியைத் தனியே சாய்த்து வையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஈரம் இருந்தால் மறுநாள் கெட்ட வாடை வரும். தண்ணீர்ப் புட்டியை நீண்ட தூரிகையால் நாள்தோறும் தேய்க்க வேண்டும். மஞ்சள் கறை நெகிழியில் போகாது, எவர்சில்வரில் நிற்காது. கறி வைக்க எதை எடுப்பது என்பதை இதுவே சொல்லிவிடும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. பிறகு உதவும் என்று டின்னையும் புட்டியையும் வீட்டுக்கு வெளியே குவித்து வைக்காதீர்கள். பால்மரத்தில் பால் வடியக் கட்டும் மங்கில் மழைநீர் தேங்கினாலே டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது தோட்டத்து ஆள்களுக்குத் தெரியும். கொல்லைப்புறத்து மைலோ டின்னும் அதற்கு அதே மங்குதான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர்தான் அதற்குப் பொறுப்பு. வீட்டுக்குள், மூடியோடு, எண்ணிக்கை வைத்து மட்டுமே சேமியுங்கள்: கண்ணாடிப் புட்டி பன்னிரண்டு என்றால் பதின்மூன்றாவது மறுசுழற்சிப் பைக்கு.

பத்தாம் படி: பழுதாகும்போது

தூக்கின் கொக்கி தளர்ந்தால் மாற்றலாம், குடுவையின் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்கிறது, பையின் கைப்பிடி பிய்ந்தால் பத்து நிமிடத் தையல். துவாலை நைந்தால் பாத்திரத் துணி, அதுவும் நைந்தால் தரைத் துணி, பிறகு மோட்டார் சங்கிலி துடைக்கும் துணி. அதற்கப்பால் அது குப்பைதான், மனத்தாங்கல் இல்லாமல் போடுங்கள். வளைந்த எவர்சில்வரையும் ஓட்டை விழுந்த அலுமினியத்தையும் வாரம் ஒருமுறை ஒலிபெருக்கியில் பழைய நாளிதழ் கேட்டு வரும் வேன்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். உடைந்த மெலமைன் தட்டையும் கூடவே நீட்டினால், அதை மட்டும் அவர் நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.